பாறைக்குழியில் குப்பை வேண்டாம்: டர்பனிலிருந்து ஒரு போர்வெல்காரரின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கைவிடப்பட்ட பாறைக்குழிகளில் மாநகராட்சிக் குப்பையைக் கொட்டுவது பற்றியும், திருப்பூர் வட்டாரத்து மக்கள் அதை எதிர்த்துப் போராடுவது பற்றியும் வரும் செய்திகளைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சேட்ஸ்வொர்த்தில் இருந்துகொண்டு படித்துவருகிறேன். நான் பிறந்தது திருச்செங்கோடு. போர் போடும் ரிக் வண்டித் தொழிலோடு ஆப்பிரிக்கா பக்கம் வந்த எங்கள் ஊர்க்காரர்களில் நானும் ஒருவன். இங்கே பண்ணைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போர் போடுகிறேன். குப்பைக் கிடங்குகளைச் சுற்றி, நிலத்தடி நீர் கெடுகிறதா என்று பார்க்கும் கண்காணிப்புக் கிணறு போடும் வேலையும் அவ்வப்போது வரும். இந்தக் கடிதம் அந்த வேலையில் தெரிந்துகொண்டதை வைத்து எழுதுவது.

அவிநாசிப் பக்கம் இருக்கும் என் பெரியப்பா மகன் போன வாரம் போனில் கேட்டார்: "ஏந் தம்பி, குழி சும்மாதானே கெடக்குது? ஆடு மாடு விழுந்து சாகுது, பசங்க குளிக்கப் போயி முழுகிப் போறாங்க. குப்பையப் போட்டு மூடிட்டா ஊருக்கு நல்லதுதானே?" அவர் விவரம் தெரிந்தவர், ஊருக்கு நல்லது நினைப்பவர். அவரே இப்படிக் கேட்கிறார் என்றால் இன்னும் நிறையப் பேருக்கு இதே எண்ணம் இருக்கும். அதனால் அவருக்குச் சொன்ன பதிலையே கொஞ்சம் விரிவாக உங்கள் வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

பாறைக்குழியில் கிடக்கும் தண்ணீரை மழைத் தண்ணீர் தேங்கியது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஓரளவு அது உண்மைதான். ஆனால் குவாரி ஓடிய காலத்தில் அங்கே இரவும் பகலும் மோட்டார் ஓடியதே, அது எதற்காக? தோண்டத் தோண்டப் பக்கவாட்டிலிருந்து ஊறி வந்த தண்ணீரை இறைக்கத்தான். குவாரியை மூடி மோட்டாரை நிறுத்தியதும் தண்ணீர் பழைய மட்டத்துக்கு ஏறி நின்றுவிட்டது. சுற்றியிருக்கும் தோட்டத்துக் கிணறுகளில் நிற்கும் நீர்மட்டத்தையும் குழியில் நிற்கும் நீர்மட்டத்தையும் அளந்து பார்த்தால், பெரும்பாலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அதாவது அந்தக் குழி ஊரிலேயே மிகப் பெரிய திறந்த கிணறு. அதில் லாரி லாரியாகக் குப்பையைக் கொட்டுவதும் நிலத்தடி நீருக்குள் நேராகக் கொட்டுவதும் ஒன்றுதான்.

போர் போடும் எங்களுக்குப் பாறைக்குள் நடப்பது கொஞ்சம் தெரியும். கொங்கு நாட்டில் மேலே பத்து முப்பது அடிக்கு மண்ணும் உக்கிப்போன கல்லும், அதற்குக் கீழே கெட்டிப் பாறை. கெட்டிப் பாறையில் அதை உடைக்கும் ஹேமர் இறங்கும்போது போர்க்குழி வாயிலிருந்து வெள்ளையாகப் புகை மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். நூறு அடி, இருநூறு அடி என்று வெறும் புகைதான். திடீரென ராடு லேசாகக் குதிக்கும், புகை நின்று சேறு வரும், பிறகு தண்ணீர் பீறிடும். அதுதான் வெடிப்பு. விரல் கனம்கூட இல்லாத வெடிப்பாக இருக்கும். ஆனால் அது எவ்வளவு தூரம் போகிறது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு தோட்டத்தில் கம்ப்ரசர் காற்றை உள்ளே அடிக்கும்போது, நாலு தோட்டம் தள்ளி ஒருவர் ஓடி வந்து, "எங்க கெணத்துல கொப்புளம் கொப்புளமாக் காத்து வருதுங்க, போருத் தண்ணி கலங்கலா வருதுங்க" என்று சொல்வார். இந்தத் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இப்படி ஒன்றைச் சொல்வார்கள். காற்று போகும் வழியில் கழிவுநீரும் போகும். அதுவும் குவாரிப் பாறை சாதாரணப் பாறை கிடையாது. வருஷக்கணக்கில் வெடி வைத்து அதிரவிட்ட பாறை. முன்பு மூடிக் கிடந்த வெடிப்புகளும் அதில் வாய் திறந்திருக்கும்.

நல்ல களிமண்ணைத் தட்டிக் கெட்டிப்படுத்தினால், அதற்குள் தண்ணீர் ஆண்டுக்குச் சுமார் 3 சென்டிமீட்டர் வேகத்தில்தான் ஊரும். குப்பைக் கிடங்குக்கு விதிகள் கேட்கும் களிமண் இந்தத் தரத்தில்தான் இருக்க வேண்டும். வெடிப்புள்ள பாறையில் அதே தண்ணீர் ஒரே நாளில் பல மீட்டர் போய்விடும். இடம் தேர்வு என்ற விஷயத்தின் உயிரே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. கீழே இருப்பது களிமண்ணா, மணலா, வெடிப்புப் பாறையா, நீர்மட்டம் எத்தனை அடியில் நிற்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, இவற்றைப் பார்த்த பிறகுதான் நிலம் யாருடையது, சாலை எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். நம் ஊரில் தலைகீழாக நடக்கிறது. புறம்போக்கு எங்கே இருக்கிறது என்று தேடி, இடத்தை முடிவு செய்துவிட்டு, அதற்குப் பிறகு அறிக்கை எழுதுகிறார்கள்.

தென்னாப்பிரிக்காவில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. இங்கே நடந்த தவறுகளைக் கீழே சொல்கிறேன். ஆனால் இடம் தேர்வைப் பற்றி இவர்கள் எழுதிவைத்திருப்பது நல்ல பாடம். 1994-இல் நீர்வளத் துறை குப்பைக் கிடங்குகளுக்குக் குறைந்தபட்ச நிபந்தனைகள் என்று ஒரு தொகுப்பை வெளியிட்டு, 1998-இல் அதைத் திருத்தியது. சில குறைகள் இருந்தால் மேற்கொண்டு ஆராயவே வேண்டாம், அந்த இடத்தை அப்போதே தள்ளிவிடு என்று அது சொல்கிறது. 50 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் தொடும் நிலம், ஊற்று கிளம்பும் இடம், சதுப்பு, மழைநீர் எளிதில் உள்ளே இறங்கி நிலத்தடி நீரை நிரப்பும் இடம், முக்கியமான நீர்த்தாங்கிகளின் (நிலத்தடியில் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் அடுக்குகளின்) மேலும் பக்கத்திலும் உள்ள நிலம், டோலமைட் என்ற கரையும் பாறை உள்ள பகுதி எல்லாம் அந்த வகையில் வரும். டோலமைட்டைப் பார்த்து இவர்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்குக்கு மேற்கே தங்கச் சுரங்கப் பகுதியில் 1962-இல் நிலம் உள்வாங்கி, கல் உடைக்கும் ஆலை ஒன்று 29 பேரோடு பூமிக்குள் போய்விட்டது. அப்படிப்பட்ட பாறைக்குள்தான் அந்தப் பகுதியின் பெரிய நிலத்தடி நீர் இருக்கிறது. அரியலூர் சுண்ணாம்புக்கல் குழிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்புக்கல்லும் தண்ணீரில் கரையும் கல்தான்.

அதே தொகுப்பில் இன்னொரு வரி: குப்பையின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் நடுவில் குறைந்தது 2 மீட்டர் இருக்க வேண்டும். நீர்மட்டம் என்றால் மழைக்காலத்தில் அது உச்சத்தில் நிற்கும்போது எடுத்த அளவு. இந்தியாவின் 2016 திடக்கழிவு விதிகளும் அதே 2 மீட்டரைத்தான் கேட்டன, அவையும் உச்ச மட்டத்தைத்தான் சொல்லின. ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளம், குடியிருப்பு, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர், அடியில் 90 சென்டிமீட்டர் களிமண், அதன்மேல் 1.5 மி.மீ. கனமுள்ள பிளாஸ்டிக் விரிப்பு என்றும் அந்த விதிகளில் இருந்தது. ஆகவே சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தண்ணீர் நிற்கும் பாறைக்குழி இந்த 2 மீட்டர் விதியில் எப்படித் தேறும் என்பதை யாராவது விளக்க வேண்டும்.

அளக்கும் மாதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொங்குப் பகுதியில் சித்திரை, வைகாசியில் போய்ப் பார்த்தால் பாதிக் கிணறு வற்றிக் கிடக்கும். அப்போது அளவெடுத்து "நீர்மட்டம் 60 அடிக்குக் கீழே" என்று எழுதிவிட்டால் கடிதாசில் எல்லாம் சரியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழியில் போய் அதே கிணற்றில் டேப்பை விட்டுப் பாருங்கள். எங்கள் பக்கம் நல்ல மழை பெய்த வருஷத்தில் கயிறு கட்டாமல் குனிந்தே தண்ணீர் மொண்டிருக்கிறோம். குப்பை வைகாசியில் மட்டும் அங்கே கிடக்கப் போவதில்லை.

மழைக் கணக்கும் அப்படித்தான். வருஷம் முழுவதுக்கும் கூட்டிப் பார்த்தால் நம் ஊரில் பெய்யும் மழையைவிட வெயிலில் ஆவியாகும் தண்ணீர்தான் அதிகம், அதனால் குப்பையிலிருந்து கசிவு பெரிதாக வராது என்று ஒரு வாதம் உண்டு. இங்கே தென்னாப்பிரிக்காவில் ஈரமான ஆறு மாதங்களைத் தனியாகப் பிரித்து, அந்தக் காலத்து மழையையும் ஆவியையும் கழித்துப் பார்ப்பார்கள். மழை மிஞ்சினால் கசிவுநீர் கட்டாயம் வரும் என்று எடுத்துக்கொண்டு, அதைப் பிடித்துச் சுத்திகரிக்க ஏற்பாடு கேட்பார்கள். வடகிழக்குப் பருவமழை ஒரே வாரத்தில் கொட்டித் தீர்க்கும் நமக்கு இந்தக் கணக்கு இன்னும் பொருத்தம்.

கசிவுநீர் என்று சொல்லும்போது அது எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். க்வாஸூலு-நட்டால் மாகாணத்தின் உள்பகுதியில் ஒரு சிறு நகரத்தின் பழைய குப்பைமேடு. அடிவிரிப்பு எதுவும் இல்லாத காலத்தில் தொடங்கியது. மேட்டுக்கு மேற்புறம் ஒரு கண்காணிப்புக் கிணறு, பள்ளத்துப் பக்கம் இரண்டு போடச் சொன்னார்கள். மேற்புறக் கிணற்றில் வந்த தண்ணீரை நானே குடித்தேன். பள்ளத்துப் பக்கம், மணற்கல்லில் ஒரு வெடிப்பைத் தொட்டதும் நுரைத்துக்கொண்டு பழுப்பாக வந்தது. அமோனியா நெடி கண்ணை எரித்தது. உப்பளவு பார்க்கும் மின்கடத்தல் மீட்டரை விட்டதும், மேற்புறக் கிணற்றில் காட்டியதைப் போலப் பல மடங்கு காட்டியது. மேலேயிருந்து வழியும் எதுவும் உள்ளே இறங்கிவிடாதபடி, ஸ்லாட் போட்ட பைப்பைச் சுற்றிச் சல்லி போட்டு, அதற்கு மேலே பெண்டோனைட் களிமண் உருண்டைகளைக் கொட்டி ஊறவைத்து அடைத்தோம். அது உப்பிப் பைப்பைக் கவ்விக்கொள்ளும். வேலை முடிந்து கீழே இறங்கினால், ஓடைக்கரையில் பாறையிடுக்கில் ஒரு ஊற்று. அதைச் சுற்றிப் பழைய காலடித்தடம் பதிந்த பாதை இருந்தது, ஆனால் யாரும் வருவதில்லை. அந்த ஊர்ப் பெரியம்மாக்கள், இங்கே கோகோ என்பார்கள், 25 லிட்டர் கேன்களை வரிசையாக வைத்துவிட்டு ரோட்டோரம் டேங்கர் லாரிக்குக் காத்திருந்தார்கள். தண்ணீர் ருசி மாறிப் பல வருஷம் ஆகிறது என்றார்கள். குப்பை கொட்டுவதை நிறுத்தியும் பல வருஷம் ஆகியிருந்தது. பாறைக்குள் போன கழிவு வெடிப்பின் ஓரங்களில் ஊறிக் கொண்டு, கொட்டுவதை நிறுத்திய பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டேதான் இருக்கும். இறைத்துச் சுத்தம் செய்துவிடலாம் என்பது பாறையில் நடக்காது.

இனி எங்கள் டர்பனுக்கு வருகிறேன். நான் குடியிருக்கும் சேட்ஸ்வொர்த், இந்தியர்களை மற்ற இடங்களிலிருந்து அப்புறப்படுத்திக் குடிவைக்க 1960-களில் நிறவெறி அரசு உருவாக்கிய ஊர். தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அதன் ஒரு பகுதியான சில்வர்க்ளென்னில் புல்புல் டிரைவ் குப்பைக் கிடங்கு இருந்தது. வீட்டுக் குப்பையோடு சேர்த்து ஆலைகளின் திரவக் கழிவையும் அதில் ஊற்றினார்கள். 1997 செப்டம்பரில் சுமார் 1,60,000 கன மீட்டர் குப்பை அப்படியே சரிந்து பள்ளத்தாக்குக்குள் இறங்கியது. உள்ளே சேர்ந்த திரவத்தின் அழுத்தமே முக்கியக் காரணம் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். பக்கத்து வீட்டு ஆயாவுக்கு எண்பது வயதுக்கு மேல். வீட்டில் தமிழ் பேசும் கடைசி ஆள் அவர்தான். "ரா முழுக்க நாத்தம், துணி காயப் போட முடியாது, சன்னல் தொறக்க முடியாது" என்று இன்றைக்கும் சொல்வார்.

இன்னொன்று கிளேர் எஸ்டேட்டில் உள்ள பிசசார் சாலைக் கிடங்கு. அதுவும் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய குடியிருப்புப் பகுதி. 1980-இல் அங்கே நகரத்துக் குப்பை வர ஆரம்பித்தது. எதிர்த்தால் கேட்க யாரும் இல்லாதவர்கள், ஓட்டுரிமை இல்லாதவர்கள் வாழ்ந்த இடம். கிடங்குக்கு எதிரிலேயே குடியிருந்த சஜிதா கான் என்ற பெண்மணி அதை மூடச் சொல்லி வருஷக்கணக்கில் போராடினார். புற்றுநோயோடு போராடிக்கொண்டே அதையும் செய்தார். 2007-இல் இறந்துபோனார். அப்போதும் கிடங்கு மூடப்படவில்லை. நிறவெறி ஆட்சி 1994-இல் முடிந்ததால் மட்டும் குப்பை லாரி திரும்பிப் போய்விடவில்லை என்பதை இங்குள்ளவர்கள் வருத்தத்தோடு சொல்வார்கள். ஒருமுறை தப்பான இடத்தில் தொடங்கினால் அதை நிறுத்துவது அவ்வளவு கஷ்டம். நம் ஊரில் சென்னைப் பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பின் மேலேயே வளர்ந்தது. அதே பள்ளிக்கரணை 2022-இல், உலக அளவில் முக்கியமான சதுப்புகளின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கோவை வெள்ளலூரில் கிணற்றுத் தண்ணீர் கெட்டது பற்றிப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். யாருடைய ஊருக்குக் குப்பை போகிறது என்று பார்த்தால் அங்கேயும் இங்கேயும் பதில் ஒன்றுதான்: பேச ஆள் இல்லாத ஊருக்கு.

கேப் டவுன் கதையும் தெரிந்திருக்க வேண்டும். 2018-இல் குழாய்த் தண்ணீர் நின்றுபோகும் நாள் நெருங்குகிறது என்று நகரமே பயந்தபோது, கேப் ஃபிளாட்ஸ் என்ற மணல் சமவெளியின் அடியில் உள்ள தண்ணீரை எடுக்கத் திட்டம் போட்டார்கள். பழைய குப்பைக் கிடங்குகளும் அதே மணலின் மேல்தான் இருக்கின்றன. தாகம் வரும் நாளில் கைகொடுக்க வேண்டிய தண்ணீரின் தலைமேல் குப்பையை வைத்திருந்தார்கள்.

சரி, குப்பையை எங்கேதான் போடுவது? நியாயமான கேள்வி. ஆயிரக்கணக்கான டன் குப்பை தினமும் வருகிறது, எந்த ஊரும் வேண்டாம் என்றால் எப்படி என்று அதிகாரிகள் கேட்பதிலும் அர்த்தம் உண்டு. ஈரக் குப்பையைப் பிரித்து உரமாக்கினால் புதைக்க வேண்டிய அளவு பாதிக்குமேல் குறையும் என்பது எல்லாரும் அறிந்தது, அதை நான் நீட்டவில்லை. மிச்சத்தைப் புதைக்கத்தான் வேண்டும். டர்பனிலேயே பைன்டவுன் பக்கம் மேரியன்ஹில் என்று ஒரு கிடங்கு 1997-இல் தொடங்கியது. களிமண்ணும் விரிப்பும் போட்டு, கசிவுநீரைக் குழாயில் சேர்த்து, ஆலையில் சுத்திகரித்து, நாணல் படுகை வழியாக விட்டு, அந்தத் தண்ணீரைத் தூசி அடங்கத் தெளிக்கிறார்கள். சுற்றியுள்ள நிலத்தில் நாட்டு மரங்களை வளர்த்து இயற்கைக் காப்பிடமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். குறையே இல்லாத கிடங்கு அல்ல, ஆனால் அடித்தளத்திலிருந்து யோசித்துக் கட்டினால் என்ன செய்ய முடியும் என்று காட்டுகிறது.

பாறைக்குழியிலும் விரிப்பு போட்டுக் கட்டலாமே என்று பொறியாளர் நண்பர் ஒருவர் வாதாடினார். சில நாடுகளில் செய்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் நம் குவாரிச் சுவர் செங்குத்தாக இருக்கும். அதில் களிமண் நிற்காது. வெடி வைத்துக் கூர்கூராக உடைந்த பாறைமேல் பிளாஸ்டிக் விரிப்பைத் தொங்கவிட்டால் கிழியும். மழைக்காலத்தில் வெளியேயிருந்து நிலத்தடி நீர் விரிப்பை உள்நோக்கித் தள்ளும். அதைத் தடுக்க வாழ்நாள் முழுக்க மோட்டார் ஓட வேண்டும். அந்த மின்கட்டணத்தை 30 வருஷம் கழித்து எந்த ஊராட்சி கட்டும்? இத்தனை செலவுக்குச் சம்மதித்தால் நல்ல களிமண் நிலத்தில் முறையான கிடங்கு கட்டிவிடலாம்.

இனி நான் கேட்பது இதுதான். எந்த ஊரில் இடம் பார்த்தாலும், முடிவெடுக்கும் முன்பே அந்த நிலத்தில் குறைந்தது மூன்று சோதனைப் போர் போடட்டும். மூன்று ஏன் என்றால், ஒரு கிணறு ஆழத்தை மட்டும் சொல்லும். முக்கோணமாக மூன்று இருந்தால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்று தெரியும். 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்ற விதி மட்டும் போதாது. கிணறு ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் இருந்தால் ஒரு கிலோமீட்டரும் போதாமல் போகலாம், மேல்பக்கம் இருந்தால் பயம் குறைவு. மார்கழியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை மட்டம் எடுக்கட்டும். சுற்றியுள்ள தோட்டத்துக் கிணறுகளின் தண்ணீரை ஒரு குப்பை லாரிகூட வருவதற்கு முன்பே பரிசோதித்து எழுதிவைக்கட்டும். அப்போதுதான் பின்னால் "உங்க தண்ணி முன்னாடியே இப்படித்தான்" என்று யாரும் சொல்ல முடியாது. அந்த எண்களைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். லாரிகளுக்கும் இயந்திரங்களுக்கும் ஆகும் செலவோடு பார்த்தால் மூன்று போர் ஒரு பெரிய செலவே இல்லை. ரிக் வண்டிக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் நம்முடையது.

உங்கள் நிருபர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை ஒரு பாறைக்குழிப் போராட்டத்துக்குச் செய்தி எடுக்கப் போகும்போது, கூட்டத்தையும் காவல்துறையையும் படம் எடுப்பதோடு, குழியில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, பக்கத்துக் கிணற்றில் எத்தனை அடியில் நிற்கிறது என்று இரண்டையும் கேட்டு எழுதுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் அதையே தலைப்பாகப் போடுங்கள். தை மாதம் ஊருக்கு வருகிறேன். நீர்மட்ட டேப்பும் மீட்டரும் கையோடு கொண்டு வருவேன். அவிநாசி, திருப்பூர்ப் பக்கம் எந்த ஊர்க்காரர்கள் கூப்பிட்டாலும் அவர்கள் கிணறுகளை அளந்து எழுதிக் கொடுக்கிறேன், காசு வேண்டாம். உங்கள் பத்திரிகை வழியாகத் தகவல் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
திருச்செங்கோட்டுப் போர்வெல்காரர் ஒருவர்,
சேட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.